கோலிபோம் என்று சொன்ன வெள்ளிக்கிழமை

உங்கள் கையேட்டில் ‘கோலிபோம்’ என்ற சொல்லுக்கு ஒன்றரை வரியில் விளக்கம் இருக்கிறது. இருபது வருடம் சேவையில் இருந்த பிறகும் நான் அந்த ஒன்றரை வரியை ஒழுங்காக வாசிக்கவில்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்று சொல்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாகப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாரே, நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. டெங்குவோடு மல்லுக்கட்டிய கதை, மூடவைத்த சாப்பாட்டுக் கடைகளின் கதை. ஓய்வு பெற்ற எந்தப் பரிசோதகரும் அவற்றைச் சொல்லுவார், கொஞ்சம் கூட்டியும் சொல்லுவார். மூக்குடைபட்ட கதையைத்தான் ஒருவரும் சொல்லமாட்டார்.

கண்டக்குழிக்கும் தலவிலவுக்கும் இடையில் கடலோரமாக ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள். பள்ளிவாசலுக்கு முன்னால் ஒரு திறந்த கிணறு. நம்முடைய மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். ஆனால் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் எல்லா இடத்திலும் வராது. அந்த ஊருக்கு அந்தக் கிணறுதான். பொது வாளி கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வாளியையும் கயிற்றையும் கொண்டு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களுடைய வீடுகள். கைக்குழந்தைகளாக வந்தவர்கள் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் ஊர் வாயில் அது ‘அகதி வரிசை’தான். நான் புத்தளத்துக்காரன், உள்ளூர் முஸ்லிம். அவர்களும் நானும் ஒரே பள்ளியில் தொழுகிறவர்கள். இருந்தும் என் மனதிலும் அது அகதி வரிசையாகத்தான் இருந்தது. இதை மறைத்தால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது.

ஒரு கிழமை அந்த ஊரில் பதினான்கு பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். இரண்டு பேரை வைத்தியசாலையில் மறித்துச் சேலைன் ஏற்றினார்கள். எங்கள் வைத்திய அதிகாரி காலையில் அழைத்து, “போய்ப் பாருங்க” என்றார். போனேன். போனதும் நான் செய்த முதல் வேலை கிணற்றில் மாதிரி எடுத்தது. வயிற்றோட்டம் என்றால் நம்மவர்களுக்குக் கை தானாகக் கிணற்றுப் பக்கம் போகும். எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வருத்தம், எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, பெரிய வேலை முடித்தவன் மாதிரி வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஆண்கள் எல்லோரும் பள்ளி முற்றத்தில் நிற்கிறார்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் தொழுதேன். கைபேசியைத் திறந்ததும் ஆய்வுகூடத்து மிஸ்ஸின் அழைப்பு வந்தது. அவர் சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார், அதனாலோ என்னவோ ஒரு சொல்லும் வீணாக வராது.

“சேர், கோலிபோம் இருக்கு. இப்ப அது மட்டும்தான் சொல்லலாம். ஈ.கோலை இருக்கா இல்லையா நாளைக்குத்தான் தெரியும். நாளைக்கு வரைக்கும் பொறுங்க.”

“சரி மிஸ்” என்றேன். கைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஊர் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

முன்னால் நின்றவர் பள்ளி நிர்வாகத் தலைவர். சம்மாட்டி, அந்தக் கரையில் பாதி வள்ளம் அவருடையது. ஹஜ் செய்தவர், எல்லோருக்கும் ஹாஜியார். சேலைன் ஏறிய பிள்ளைகளில் ஒன்று அவருடைய பேரன்.

“என்னவாம் தம்பி?”

“கிணத்துல கோலிபோம் இருக்காம் ஹாஜியார்.”

“அதென்ன சாமான்?”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது வரும். ஒரு கூட்டம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், கையில் பாதிப் பதில்தான் இருக்கும். ‘நாளைக்குச் சொல்றன்’ என்று சொன்னால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் வரும். எனக்கு அந்தப் பயத்தோடு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. எதையும் இலேசாக்கி விளங்கப்படுத்துகிறேன் என்று வாத்தியார் வேலை பார்ப்பேன். அதைக் கேட்டு ஆட்கள் தலையாட்டினால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

“மலத்துல இருக்கிற கிருமி” என்றேன்.

முகங்கள் மெல்ல மெல்லக் கிழக்குப் பக்கம் திரும்பின. அந்த வரிசை ஆண்கள் ஐந்தாறு பேர் மதிலோரமாக நின்றார்கள். அவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலடியைப் பார்த்தார்கள். என் கண்ணும் அவர்கள் பக்கம்தான் போனது.

ஹாஜியார் நிதானமாகத்தான் சொன்னார். “கொஞ்ச நாளைக்கு அந்த வரிசை ஆக்கள் இந்தக் கிணத்துல வாளி போட வேணாம். சேரே சொல்றாரு.”

நான் அப்படிச் சொல்லவில்லை. ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றும் சொல்லவில்லை. கிணற்றுக்குக் குளோரின் போடும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். முதல் பிழைக்காவது அவசரம் என்று சப்பைக்கட்டுக் கட்டலாம். இந்த இரண்டாவது பிழைக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை தலவிலவில் தேவாலயத் திருவிழாக் கடைகளைப் பார்க்கும் பணி. வெயிலும் சனமும் புழுதியும். மிஸ் மூன்று தரம் அழைத்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. மாலையில் பார்த்தபோது, ‘குளோரின்தான் போட்டாச்சே, இனி என்ன’ என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் கல்பிட்டியில் என் கந்தோருக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் துணி மூடிய ஒரு கூடை. பெயர் ஜெசீமா. கிழக்கு வரிசையில் மூன்றாவது வீடு. புருஷன் பிறத்தியார் வள்ளத்தில் போகிறவர். இவர் விடியற்காலையில் இடியப்பம் அவித்து, வள்ளங்கள் கரை பிடிக்கும் இடத்தில் உள்ள தேத்தண்ணிக் கடைக்குக் கொடுப்பவர். சனிக்கிழமை கடைக்காரர் கூடையைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். ஞாயிறும் அப்படியே. கிணற்றடியில் வைத்த அவருடைய வாளியை யாரோ எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்திருந்தார்கள்.

கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

“சேர், எங்கட வரிசைக் கக்கூஸுகள நீங்க வந்து பாத்தீங்களா?”

“இல்ல தங்கச்சி.”

“பாக்காமலா சொன்னீங்க?”

“நான் உங்கட வரிசையென்டு ஒரு சொல்லும் சொல்லேல்லயே.”

“ஓம். நீங்க சொல்லேல்ல. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிட்டு.”

குளோரினைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் காத்திருந்து, நான் முடித்ததும் கேட்டார்.

“பன்னிரண்டு வூட்டுலயும் இருவத்தாறு பிள்ளைகள் இருக்கு சேர். ஒன்டுக்கும் வாந்தியில்ல, வயித்தால போகேல்ல. நாங்களும் அந்தக் கிணத்துத் தண்ணிதானே குடிச்ச. எங்கட அழுக்குக் கிணத்துல விழுந்தா முதல்ல எங்கட பிள்ளைகளுக்குத்தானே வரணும்? அதுக்கு என்ன சொல்றீங்க?”

பரிசோதகராகப் பயிற்சி எடுத்தவன் நான். வயிற்றோட்டம் வந்தால், யாருக்கு வந்தது என்பதைப் போலவே யாருக்கு வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்று பயிற்சியின் முதல் மாதத்திலேயே படித்தவன். அதை இடியப்பம் அவிக்கிற ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் நின்று எனக்குச் சொல்லித் தருகிறார்.

அவர் கூடைத் துணியை விலக்கினார். வெள்ளை வெளேரென்று இடியப்பம், இன்னும் ஆவி அடங்கவில்லை.

“காலையில அவிச்சது. கடற்கரைப் பக்கத்துச் சவர்த் தண்ணியில. இப்ப எங்களுக்கு அதுதான். நீங்க ஒன்டு தின்னுவீங்களா சேர்?”

கை நீட்டினேன். நீட்டிய கை ஒரு கணம் நடுவில் நின்றது. உண்மையாகவே ஒரு கணம்தான். பிறகு எடுத்துச் சாப்பிட்டேன், உப்பாக இருந்தது. ஆனால் நின்ற அந்தக் கையை அவர் பார்த்துவிட்டார். துணியை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

உடனே ஆய்வுகூடத்துக்கு அழைத்தேன். மிஸ் கோபமாகத்தான் இருந்தார்.

“சனிக்கிழமை மூணு தரம் உங்களுக்கு எடுத்தேன் சேர். ஈ.கோலை இல்லை. நீங்க அதுக்குள்ள ஏதும் சொல்லிட்டீங்களா?”

நடந்ததைச் சொன்னேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

“சேர், ‘போம்’ என்டா ‘போல’. கோலி போல இருக்கிறதுதான் கோலிபோம். ஒரு ஆளோட பேர் இல்லை, பெரிய குடும்பத்துப் பேர். குடும்பத்துல சில பேர் குடல்ல இருக்காங்க, ஈ.கோலை அதுல ஒரு ஆள். நிறையப் பேர் மண்ணுல, உக்கின இலையில இருக்காங்க. அவங்க மனுசனுக்கு ஒன்டும் செய்றதில்லை. கிணத்துல அவங்களக் கண்டா, எங்கயோ ஓட்டை இருக்கு, தேடு என்டு அர்த்தம். யார் செஞ்சது என்டு அர்த்தம் இல்லை. குடும்பப் பேரைச் சொல்லி ஒரு ஆளைப் பிடிக்க ஏலாது சேர்.”

கையேட்டில் இருந்த ஒன்றரை வரியும் இதுதான். நான் பாதி வரியோடு நிறுத்தியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த ஊருக்குத் திரும்பிப் போனேன். கிழக்கு வரிசையில் ஒவ்வொரு வீட்டிலும் மலசலகூடத்தைப் பார்த்தேன். மூடிய குழிகள், கிணற்றிலிருந்து சட்டம் கேட்பதைவிடத் தூரம். ஊரின் மற்றப் பக்கத்திலும் பார்த்தேன், அங்கே அந்த ஒழுங்கு எல்லா வீட்டிலும் இல்லை. பிறகு கிணற்றடி. மேற்குப் பக்கச் சுற்றுக்கட்டில் கை போகும் அளவுக்கு வெடிப்பு. வேப்பஞ்சருகும் சிந்திய தண்ணீரும் சேறாகி அதற்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தன. போன கிழமை அந்தக் கட்டின் மேல் சாய்ந்து நின்றுதான் நான் மாதிரி எடுத்திருக்கிறேன்.

கிணறு குற்றவாளி இல்லையென்றால் பிள்ளைகளுக்கு வருத்தம் எங்கிருந்து வந்தது? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பதினான்கு பிள்ளைகளும் ஒரே வைபவத்துக்குப் போயிருந்தார்கள். ஹாஜியார் வீட்டில் பேரனுடைய சுன்னத்துக் கலியாணம். நல்ல வெயில். பிள்ளைகளுக்குச் சர்பத் கரைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கிய ஐஸ் தீர்ந்துபோக, கரைக்கு ஆள் அனுப்பி, மீனுக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து, கழுவி, உடைத்துப் போட்டிருக்கிறார்கள். நம் கரையோரத்தில் இதை ஒரு பிழையாக யாரும் நினைப்பதில்லை. ஐஸ் ஐஸ்தானே. பெரியவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், பிள்ளைகள் சர்பத்தை இரண்டு மூன்று கிளாஸ் குடித்தார்கள். கிழக்கு வரிசைக்கு அழைப்பே போகவில்லை. அதனால் அந்த இருபத்தாறு பிள்ளைகளும் தப்பினார்கள்.

அதே பெட்டியிலிருந்து ஐஸ் மாதிரி எடுத்து அனுப்பினேன். இந்த முறை மிஸ் கடைசிச் சொல்லைச் சொல்லும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளி காலையில் சொன்னார். ஐஸில் ஈ.கோலை இருக்கிறது.

வைத்திய அதிகாரி, “அறிக்கை எழுதுங்க, போதும்” என்றார். ஹாஜியாருக்கோ நான் ஐஸ் பெட்டியைத் திறந்தபோதே எல்லாம் விளங்கிவிட்டது. ஜும்ஆவுக்கு முன்னால் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேரன் குணமாகி வந்து பக்கத்தில் பாய் மேல் படுத்திருந்தான்.

“கிணறு சுத்தமாகிட்டு என்டு மட்டும் சொல்லுங்க தம்பி. மிச்சத்த ஆக்கள் மறந்துருவாங்க. என்ட பேரனுக்கு நானே நஞ்சு குடுத்த மாதிரியெல்லோ கதைப்பாங்க.”

எனக்கு உண்மையில் பாவமாக இருந்தது. கிழக்கு வரிசைக்கு நான் செய்ததை இவர் வீட்டுக்கும் செய்தால் அதுவும் அதே பிழைதான். ஆனால் அவர் சொன்ன மாதிரிச் செய்தால் ஜெசீமாவின் கூடையை யார் திறப்பார்கள்? தொழுகையில் நின்றபோதும் எனக்கு இந்தக் கணக்குத்தான், அல்லாஹ் மன்னிக்கட்டும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். யார் மேல் பழி விழுந்ததோ அவர்களைச் சொல்லிப் பழியைத் துடைக்க வேண்டும். யார் வீட்டு ஐஸ் என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை, மீன் ஐஸைக் குடிக்கக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

அதே முற்றம், அதே ஆட்கள்.

“போன வெள்ளிக்கிழம இதுல நின்டு நான் ஒரு பிழையான கதை சொன்னன்” என்று தொடங்கினேன். “கிணத்துல இருந்தது மண்ணுல, சருகுல இருக்கிற வகை. மலத்துல இருந்து வந்தது இல்ல. கட்டு வெடிச்சு அழுக்குத் தண்ணி இறங்கியிருக்கு. கிழக்கு வரிசை வீடுகளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதப் பாக்காம நான் வாயத் திறந்தது என்ட பிழை. பிள்ளைகளுக்கு வருத்தம் வந்தது மீனுக்குப் போடுற ஐஸக் குடிச்சதால. இனி ஒருத்தரும் அதச் சர்பத்துல போட வேணாம்.”

“எந்த ஐஸ் சேர்?” என்று பின்னால் யாரோ கேட்டார்.

“மீன் ஐஸ் எல்லாம்தான்” என்றேன்.

மதிலோரம் நின்ற கிழக்கு வரிசை ஆண்கள் அன்றைக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஹாஜியார் எனக்கு ஸலாம் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் மேசன் வந்து கிணற்றுக் கட்டைப் பூசினான். அனுப்பியது அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தேத்தண்ணிக் கடைக்காரர் இரண்டு மாதம் கழித்துத்தான் ஜெசீமாவின் இடியப்பத்தை எடுத்தார். அதுவும் மற்றப் பெண் கொண்டுவருவது போதாத நாட்களில் மட்டும். நான் அரை நிமிடத்தில் சொன்ன சொல், திருத்திச் சொன்ன பிறகும் ஊருக்குள் நடமாடிக்கொண்டே இருந்தது. இப்போது உங்கள் கையில் வாட்ஸ்அப் வேறு இருக்கிறது. ‘தண்ணி பொசிட்டிவ்’ என்று ஒரு குரல் பதிவைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிற தம்பிமாரை நானே கண்டிருக்கிறேன். எது பொசிட்டிவ், அதற்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்ற மூன்றையும் சொல்ல முடியாவிட்டால் சொல்லாமல் இருங்கள். ஒன்றும் தெரியாதவன் என்று ஊர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், ஒரு நாளில் அது போய்விடும்.

கிழக்கு வரிசை ஆட்கள் பள்ளிக் கிணற்றுக்குத் திரும்பவில்லை. வரலாம் என்று சொல்லி ஆள் அனுப்பியும் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து தங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கிணறு தோண்டினார்கள். தண்ணீர் கொஞ்சம் சவர்தான். தோண்டி முடிந்ததும் ஜெசீமா கந்தோருக்குச் சொல்லியனுப்பினார், மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லி. எடுத்தேன். முடிவு வந்தது. கோலிபோம் இருக்கிறது, ஈ.கோலை இல்லை. புதிதாகத் தோண்டிய திறந்த கிணற்றில் வேறு எப்படி வரும்?

அந்தத் தாளைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே கொண்டு போனேன். ஜெசீமாவும் வரிசைப் பெண்கள் சிலரும் கிணற்றடிக்கு வந்தார்கள்.

“என்ன இருக்கு சேர்?”

“கோலிபோம் இருக்கு தங்கச்சி.”

ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் அவசரப்படவில்லை. அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர் என்றேன். இந்தக் கிணற்றில் இருப்பது தோண்டிய மண்ணிலிருந்து வந்தது, மலத்திலிருந்து வருவதற்கு ஈ.கோலை என்று வேறு பெயர், அது இங்கே இல்லை என்றேன். இரண்டு தரம் குளோரின் போட்டு, சுற்றுக்கட்டை ஒரு முழம் உயர்த்தி, மறுபடி பார்ப்போம், அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றேன். என்னுடைய சேவையில் அந்தச் சொல்லை முழுமையாக, சரியாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஜெசீமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“இதெல்லாத்தையும் எழுதித் தாங்க. தமிழ்ல.”

அறிக்கையின் பின்பக்கத்தில், கிணற்றுக் கட்டின் மேல் வைத்து எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. அவர் வாங்கி, சொல் சொல்லாக வாசித்தார். வாசித்து முடித்து என்னிடமே நீட்டினார்.

“அடியில உங்கட பேரப் போடுங்க.”

“முன்பக்கம் கந்தோர் சீல் இருக்குத் தங்கச்சி. அது போதும்.”

“சீல் கந்தோருக்கு. அண்டைக்குப் பள்ளியடியில நின்டு சொன்னது கந்தோர் இல்லையே சேர், நீங்கதானே. நாளைக்கு யாரும் கேட்டா யார் சொன்னதென்டு நான் காட்டணும். பேரப் போடுங்க.”

முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.